வாசகர் கேள்வி–பதில்: பிலாத்துவுக்குப் பிறகு என்ன நேர்ந்தது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் பிலாத்து மனம் வருந்திக் கை கழுவும் நல்ல மனிதராக வருகிறார். அவர் பின்னாளில் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோமானிய ஆளுநரும் இயேசுவைச் சிலுவைச் சாவுக்குக் கையளித்தவருமான பொந்தியு பிலாத்து, நாடகத்தில் வருவது போல அத்தனை மென்மையானவர் அல்லர். அவர் காலத்து யூத மெய்யியலாளரான ஃபிலோ அவரை இரக்கமற்றவர் என்கிறார். பலி செலுத்தவந்த கலிலேயரை அவர் கொன்றதை லூக்கா நற்செய்தியே (13:1) குறிப்பிடுகிறது. கெரிசீம் மலையில் கூடிய சமாரியரைக் கொன்றதற்காக ரோமுக்கு அனுப்பப்பட்ட அவர் அங்குப் போய்ச் சேருமுன் பேரரசர் திபேரியு இறந்துவிட்டார் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசிஃபஸ்) எழுதியுள்ளார். உறுதியான வரலாறு அத்துடன் நின்றுவிடுகிறது. தற்கொலைச் செய்தி நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த அதனை நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன்.

வரலாறு விட்ட இடத்தைக் கதைகள் இரண்டு திசைகளில் நிரப்பின. அவர் உள்ளத்தால் அப்போதே கிறிஸ்தவராகிவிட்டார் என்று தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுத, எத்தியோப்பியத் திருச்சபையோ ஒரு படி மேலே சென்று அவரைப் புனிதராகவே வணங்குகிறது. ஐரோப்பியக் கதைகளில் நேர்மாறாக, அவருடைய பிணத்தை எந்த ஆறும் ஏற்காததால், சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகருக்கருகே பிலாத்துஸ் மலையிலுள்ள ஏரியில் போட்டார்களாம். ஏரியில் கல் எறிந்தால் புயல் எழும் என்று அஞ்சி மலையேறவே தடை விதித்திருந்தனர். 1585இல் ஒரு குரு மக்களுடன் சென்று கல்லெறிந்து பார்த்தார், புயல் எழவில்லை.

ஓவியர்களும் சிற்பிகளும் பெரும்பாலும் அவர் கை கழுவிய தண்ணீர்ப் பாத்திரத்தையே பற்றிக்கொண்டனர். மத்தேயு மட்டுமே கூறும் காட்சி அது. ரோம உயரதிகாரி யூனியு பாஸுவின் 359ஆம் ஆண்டுக் கல்லறைப் பெட்டிச் சிற்பத்தில், பணியாள் தண்ணீருடன் காத்திருக்க, பிலாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். வெனிஸின் சான் ரோக்கோ மண்டபத்தில் திந்தொரெத்தோ 1566–67இல் வரைந்த ஓவியத்தில், வெள்ளாடையில் நிமிர்ந்து நிற்கும் இயேசுவின் எதிரே செவ்வாடை அணிந்த பிலாத்து பார்வையை விலக்கியபடியே கைகளை நீட்டுகிறார். உங்கள் ஊர் நடிகர் கண்ணீர் விடுவதைவிட இவ்வாறு முகம் திருப்பினால், காட்சி இன்னும் கூர்மையாக அமையும் என்பது என் கருத்து.

கேள்வி: பிலாத்துவின் மனைவி பெயர் புரோக்குலா என்பது விவிலியத்தில் உள்ளதா?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: இல்லை. அவர் கனவு கண்டதை மட்டுமே மத்தேயு (27:19) கூறுகிறார். பெயர் பிற்கால நூல்களில் சேர்ந்தது. கிழக்கத்தியத் திருச்சபைகள் அவருக்கு விழாவும் எடுக்கின்றன. மேடையில் அப்பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். நற்செய்தியில் உள்ளது என்று மட்டும் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம்.