பதில்: போலியோதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்கு முகாம்?

வணக்கம் தம்பி. உங்கள் ரோட்டராக்ட் சங்கத்தில் (ரோட்டரி சேவை அமைப்பின் இளைஞர் பிரிவு) போலியோ முகாமுக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டு ஏழு பேர்தான் வந்தார்கள், "இந்தியாவில்தான் போலியோ இல்லையே" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள்.

கேள்வி நியாயமானதுதான். இங்கே இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்துப் பெண் குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் சுற்றுகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. ஒரு குழந்தைக்குக் கால் விளங்காமல் போவதற்குள் ஊரெல்லாம் பரவியிருக்கும். 1985-ல் தொடங்கிய போலியோ ஒழிப்பு வேலையை ரோட்டரி இன்னும் விடாததற்குக் காரணம் இதுதான்.

சரி, வந்த ஏழு பேருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? பேனர் பிடிக்கவும் போட்டோவுக்கு நிற்கவும் மட்டும் கூப்பிட்டால் அடுத்த முறை அவர்களும் வரமாட்டார்கள். மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சின்னச் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் மருந்தில் சூடு ஏறிவிட்டது, கொடுக்கக் கூடாது. இதைச் செவிலியர் சொல்லித் தரட்டும். மருந்து குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைக்க ஒருவர், பேருந்து நிலையத்தில் மை இல்லாத விரல்களைத் தேட இருவர்.

என் மகள் ரோட்டரியின் பள்ளி மாணவர் சங்கமான இன்டராக்டில் இருந்தபோது, சொட்டு மருந்தே வேண்டாம் என்ற ஒரு பாட்டியோடு திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினாள். அவளுடைய கூச்சம் அன்றோடு போனது.

அடுத்த முகாமுக்கு ஒரு வாரம் முன்பே நாலு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.