வைன் படிப்புக்குக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: மகன் உயர்தரம் முடித்துவிட்டு உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் மூன்று சீசன் வேலை செய்தான். இப்போது அவுஸ்திரேலியா போய் வைன் தயாரிப்புப் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நிலாவெளியில் உள்ள உறுதிக் காணியை வங்கியில் ஈடு வைக்கலாமா?
ஒரு தந்தை, திருகோணமலை

பதில்: வேண்டாம் ஐயா. படிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை, காணியைத்தான் சொல்கிறேன்.

சீசன் என்றால் என்ன என்று உங்கள் மகனுக்கே தெரியும். ஆகஸ்டில் அறை கிடைக்காது; மார்கழி மழையில் அதே ஹோட்டலில் பலருக்கு வேலை இருக்காது. வைன் தொழிலும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவில் திராட்சை அறுவடை பெரும்பாலும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது பழம் நசுக்க, குழாய் இழுக்க, தொட்டி கழுவ ஆள் தேடுவார்கள். அறுவடை முடிய ஒப்பந்தமும் முடியும். பட்டம் பெற்றவர்களும் பெரும்பாலும் தொட்டி கழுவித்தான் தொடங்குகிறார்கள். சிலர் ஆகஸ்ட், செப்டம்பரில் பிரான்ஸ், கலிபோர்னியா என்று அடுத்த அறுவடைக்குப் பறப்பார்கள். நம் கடவுச்சீட்டுக்கு ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு விசா வேண்டும்.

சந்தையும் சோர்ந்து கிடக்கிறது. 2024இல் உலக வைன் நுகர்வு 1961க்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கியது. 2020 இறுதியில் சீனா போட்ட வரியால் அவுஸ்திரேலியச் சிவப்பு வைன் தேங்கியது. 2024 மார்ச்சில் வரி நீங்கியும் பலர் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் பணம். 2024 மே மாதம் வந்த விதிப்படி மாணவர் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும். கல்விக் கட்டணம் வேறு. ரூபாயில் கடன் எடுத்து டொலரில் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2022இல் பார்த்தோம்: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. அப்படி ஒன்று திரும்ப வந்தால் காணி போய்விடும்.

மகனிடம் மூன்று சீசன் அனுபவம் இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கட்டும். டபிள்யூ.எஸ்.ஈ.டி என்ற வைன் சான்றிதழ் படிப்பில் இரண்டாம், மூன்றாம் நிலை முடித்தால் மாலைதீவு, டுபாய் ஹோட்டல்களில் வைன் பரிமாறும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்போடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. டொலரில் சம்பளம் வந்தால் அதில் ஒரு பங்கை இங்கே வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே போடச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்தும் ஆசை இருந்தால், அந்தக் கணக்குப் புத்தகத்தோடு வரட்டும். மீதிக்கு என்ன செய்யலாம் என்று அப்போது பேசுவோம்.