மார்ச் வெயிலும் கோதுமையும்: சேலத்துக் கேள்விகள், பதில்கள்

செவ்வாய்ப்பேட்டை, மாவு மில்: ஐயா, சில வருஷம் வடக்கிலிருந்து வர்ற கோதுமை சுருங்கிப்போய் இருக்கு. தவிடு நிறைய விழுது, மாவு குறையுது. வெயில்தான் காரணம்னு வியாபாரி சொல்றார். நிஜமா?

நிஜம்தான். ஆனால் எந்த மாதத்து வெயில் என்று பார்க்கணும். பஞ்சாப், அரியானாவில் நவம்பரில் விதைத்த பயிர் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் பால் பிடிக்கும். அப்போது பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் மணிக்குள் மாவுச்சத்தைச் சேர்க்கும் நொதி மந்தமாகும், இலையும் முன்கூட்டியே பழுக்கும். பயிருக்கு ஏற்ற வெப்பத்தை விட 1 டிகிரி கூடினாலே மணி நிரம்பும் காலம் ஏறக்குறைய 3 நாள் குறையும். மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே மாவு மட்டும் குறைவதால்தான் உங்களுக்குத் தவிடு அதிகம் விழுகிறது.

2022 மார்ச், இந்தியாவில் 1901-க்குப் பிறகு பதிவான மார்ச் மாதங்களிலேயே அதிக வெப்பம். நாட்டின் கோதுமை விளைச்சல் 11.1 கோடி டன் என்று போட்ட மதிப்பீடு 10.77 கோடியில் நின்றது. மே 13-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரசுக் கொள்முதலில் சுருங்கிய மணி 6 சதவீதம் வரைதான் அனுமதி; அந்த வருஷம் பஞ்சாப், அரியானாவில் 18 வரை தளர்த்தினார்கள்.

வாங்கும்போது 1 லிட்டர் படியில் குலுக்காமல் கொட்டி, தலை தட்டி எடை போடுங்கள். 760 முதல் 780 கிராம் இருந்தால் நல்ல சரக்கு. 720-க்குக் கீழே போனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி, பேக்கரி: மாவு பிசுபிசுன்னு ஒட்டுது. ரொட்டி நடுவுல வேகாத மாதிரியே இருக்கு. இதுக்கும் வெயில்தானா?

இல்லை, இது மழை செய்யும் வேலையாக இருக்கலாம். அறுவடை நேரத்தில் கதிர் நனைந்தால் மணி கதிரிலேயே முளை கட்டத் தொடங்கும். அமைலேஸ் நொதி பெருகி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். 2023 மார்ச்சில் வடக்கே பெய்த பருவம் தப்பிய மழை நிற்கும் பயிரைக் கெடுத்தது. மில்லில் ‘ஃபாலிங் நம்பர்’ கேளுங்கள். மாவில் அமைலேஸ் எவ்வளவு என்று காட்டும் சோதனை எண் அது, நொடியில் சொல்வார்கள்; அமைலேஸ் கூடினால் எண் குறையும். 250-க்கு மேல் இருந்தால் ரொட்டிக்கு ஆகும், 200-க்குக் கீழே தொல்லை. நல்ல மாவோடு கலக்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி கலந்தால் கெட்டதுதான் ஜெயிக்கும், கெட்டதைப் பத்தில் ஒரு பங்கில் தொடங்கிப் பாருங்கள். தண்ணீரைக் குறைத்து, சூட்டையும் கொஞ்சம் தணித்து, கூடுதல் நேரம் வேகவிடுங்கள். ரொட்டி மாவில் சேர்க்கும் இம்ப்ரூவர் பொடியில் அமைலேஸ் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

ஆத்தூர், விவசாயி: அண்ணா, நம்ம பக்கம் கோதுமை போடலாமா?

வீட்டுக்கு என்றால் போடலாம். விற்பனைக்கு என்றால் வேண்டாம் என்பேன். நம் வெயிலுக்குச் சாமையும் தினையும் இதைவிட நம்பகமானவை.

நீலகிரியில் உள்ள வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, கோவை வேளாண் பல்கலை வெளியிட்ட கோ டபிள்யூ 1 என்ற ரகம் 85-90 நாளில் வரும். அக்டோபர் 15-லிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள் விதைத்துவிடணும். டிசம்பருக்குத் தள்ளினால் பால் பிடிக்கும் நேரம் பிப்ரவரி வெயிலில் மாட்டும். நம் இரவுகள் பஞ்சாப் போலக் குளிராததால் பக்கத் தண்டுகள், அதாவது தூர், குறைவாகத்தான் கட்டும். அதை விதையால்தான் ஈடுகட்டணும்: ஏக்கருக்கு 40 கிலோ, வரிசைக்கு வரிசை 20 செ.மீ., ஆழம் 4-5 செ.மீ. யூரியா 70 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ. யூரியாவில் பாதியை மட்டும் அடியுரமாகப் போடுங்கள், மீதி முதல் தண்ணீரோடு.

அந்த முதல் தண்ணீர் 15-20 நாளில் தப்பவே கூடாது. தண்டடியில் இரண்டாவது வேர்த்தொகுதி இறங்கும் சமயம் அது. காய்ந்தால் தூரே வராது. அதே சமயம் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வயலில் தேங்கினால் பயிர் மஞ்சளாகும், வடிகால் எடுத்து வையுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: சம்பா கோதுமை போட்டா?

இலையிலும் தண்டிலும் வரும் துரு என்ற பூஞ்சை நோயைத் தாங்கும். ஆனால் அடித்தாலும் உமி போகாது, குத்தித்தான் எடுக்கணும். உமி நீக்க ஆள் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு விதையுங்கள்.

நாகலூர், ஏற்காடு: மலையில குளிர் இருக்கே. இங்க நல்லா வருமே?

குளிர் போதும். பனியும் மூட்டமும்தான் பகை. இலையில் ஈரம் நின்றால் துரு நோய் ஏறும். நீலகிரி, பழனி மலைகளில் துருப் பூஞ்சை வருஷம் முழுக்கத் தங்குகிறது. அங்கிருந்து வித்துகள் நவம்பர்ப் புயல் காற்றில் மத்திய இந்தியா வரை போகும். வெலிங்டனில் ரகங்களைத் துருவுக்குச் சோதிப்பதும் இதனால்தான். கறுப்புத் துருவுக்கு 20 டிகிரிக்கு மேல் வெப்பம் பிடிக்கும். மலை சூடாகச் சூடாக அதற்குக் கொண்டாட்டம். துரு தாங்கும் ரகம் மட்டும், அதுவும் காப்பி நிழலில் இல்லாத திறந்த மேட்டில், ஒரு பாத்தி போதும்.

கல்லூரி மாணவி, சேலம்: கரியமில வாயு கூடினா பயிர் நல்லா வளரும்னு படிச்சேன். அப்போ கோதுமைக்கு லாபம்தானே?

வளர்ச்சி கூடும், ஆனால் மணியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் குறையும். உலக வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது ஆய்வுகளின் கணக்கு. வந்த லாபத்தை வெயில் தின்றுவிடும்.

ஆத்தூர், மறுபடியும்: கதிர் வர்ற நேரத்துல திடீர்னு வெயில் ஏறினா என்ன பண்ண, அண்ணா?

பொட்டாசியம் நைட்ரேட் 4 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஏக்கருக்கு சாயங்காலம் தெளியுங்கள். கதிர் வெளிவராமல், கடைசி இலையான கண்ணாடி இலைக்குள் பொதியாக இருக்கும்போது ஒரு முறை, பூத்து மணி பிடிக்கத் தொடங்கும்போது மறுமுறை. கூடவே லேசான தண்ணீர். காற்று வீசும் நாளில் பாய்ச்சாதீர்கள், பயிர் சாய்ந்துவிடும். பூக்கும்போதே மகரந்தம் கருகிவிட்டால் தெளிப்பு உதவாது. கதிரின் நடுவில் விரலால் அமுக்கிப் பாருங்கள். பதராக அமுங்கினால் அந்தப் பாத்திக்கு மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.