வியோலெட்டாவின் கையில் செல்போன்

கேள்வி: இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ என்ற ஓப்பராவை, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தை, இன்றைய காலத்துக்கு மாற்றி, நாயகி வியோலெட்டாவின் கையில் செல்போனைக் கொடுத்து மேடையேற்றுகிறார்கள். எழுதியவர் எண்ணியபடி நடத்த வேண்டாமா? இது வெர்டிக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: துரோகம் என்ற சொல்லை அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். வெர்டி கேட்டதே இதைத்தான். 1853 மார்ச் 6 அன்று வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் இந்த ஓப்பரா முதன்முதலாக மேடையேறியது. பாடகர்கள் தங்கள் காலத்து உடையிலேயே தோன்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். அதிகாரிகள் விடவில்லை. கதை 1700 வாக்கில் நடப்பதாகக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் அப்படி? பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாண்டர் டூமாவின் மகன் எழுதிய நாடகம் இந்த ஓப்பராவுக்கு மூலம். அந்த நாடகத்துக்குப் பின்னால் மாரி துய்ப்ளெசி என்ற உண்மையான பெண் இருந்தாள். பாரிஸ் செல்வந்தர்களின் பணத்தில் வாழ்ந்து, 1847-இல் 23 வயதில் காசநோயால் இறந்தவள். அவள்தான் ஓப்பராவில் வியோலெட்டா ஆனாள். அவளைப் போன்றவர்களை வைத்துக்கொண்டிருந்த ஆண்கள் அன்று உயிரோடுதான் இருந்தார்கள், ஓப்பரா பார்க்கவும் வந்தார்கள். கதையை நூற்றைம்பது ஆண்டு பின்னால் தள்ளிவிட்டால் யாருக்கும் உறுத்தாது. வெர்டிக்கோ இது சொந்த வீட்டுக் கதை போன்றது. பாடகி ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியோடு மணம் செய்துகொள்ளாமல் அவர் குடும்பம் நடத்திய நாட்களில், அவர்கள் வாழ்ந்த புசெட்டோ ஊரார் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. அவர்கள் திருமணம் 1859-இல்தான் நடந்தது.

ஆகவே செல்போன் என்னை உறுத்தவில்லை. 2019-இல் பாரிஸ் ஓப்பராவுக்காக சைமன் ஸ்டோன் இயக்கிய தயாரிப்பில் வியோலெட்டா ஒரு சமூக ஊடகப் பிரபலம். அவளுடைய படங்களும் குறுஞ்செய்திகளும் மேடையில் பெரிய திரைகளில் ஓடுகின்றன. ஒரு பெண்ணை ஊரே பார்த்து ரசிக்கும், அதே ஊரே பிறகு அவளை ஒதுக்கும் என்பதுதானே கதை? அதற்கு இந்த வேடம் பொருந்தாது என்று என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. அது இரண்டாம் அங்கம்.

காதலன் அல்ஃப்ரெடோவின் தந்தை ஜெர்மோன் வியோலெட்டாவைத் தேடி வருகிறார். இவளோடு தன் மகன் வாழ்வதால் தன் மகளின் திருமணம் நின்றுவிடும் என்கிறார், விலகிப் போகச் சொல்கிறார். கால் மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்த உரையாடலில் அவள் மறுக்கிறாள், கெஞ்சுகிறாள், கடைசியில் உடைகிறாள். ‘அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்’ என்று அவள் தொடங்கும் இடத்தில் இசை ஏறக்குறைய மூச்சை அடக்கிக்கொள்கிறது. முகம் தெரியாத ஒருத்தியின் கல்யாணத்துக்காகத் தன் வாழ்வை எடுத்துக் கொடுக்கிறாள். 1853-இல் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. இன்றைய பெண் ஏன் இணங்க வேண்டும்? வாசலைக் காட்டி ‘வெளியே போங்கள்’ என்று சொல்லிவிடலாமே! காலத்தை மாற்றும் இயக்குநர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். முதல் அங்கத்து விருந்தில் விளக்கும் திரையும் வைத்து அசத்திவிட்டு, இந்தக் காட்சியில் இருவரையும் ஒரு சோபாவில் உட்கார வைத்துப் பாடவிடுகிற தயாரிப்புகள் உண்டு. அங்கேதான் மனம் வெறுத்துப்போகும்.

இயக்குநர் வில்லி டெக்கர் இதற்கு வேறு வழி கண்டார். 2005-இல் சால்ஸ்பர்க் விழாவில் அன்னா நெட்ரெப்கோ பாடிய தயாரிப்பு அது. வெள்ளை வளைசுவர், ஒரு பெரிய கடிகாரம், சிவப்பு உடையில் அவள். சுற்றிலும் கறுப்பு கோட்டு அணிந்த கூட்டம், பெண்கள் உட்பட. பாரிஸும் இல்லை, நூற்றாண்டும் இல்லை. இறுதியில் அவளைப் பார்க்க வரவேண்டிய மருத்துவர் ஆரம்பத்திலிருந்தே மேடையில் காத்திருக்கிறார், மரணமே வந்து உட்கார்ந்திருப்பதுபோல. தனக்கு நேரம் இல்லை என்று அறிந்த ஒருத்தி ஏன் விட்டுக்கொடுக்கிறாள் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்ததும் நாம் புரிந்துகொள்கிறோம். வெர்டியின் ஒரு சுரத்தையும் அவர் தொடவில்லை.

மூன்றாம் அங்கத்துக் கடிதமும் எனக்கு முக்கியம். அல்ஃப்ரெடோ திரும்பி வருகிறான் என்று ஜெர்மோன் எழுதியதை மார்பிலிருந்து எடுத்து, சாகக் கிடக்கும் வியோலெட்டா படிக்கிறாள். பாடுவதில்லை, பேசுகிறாள். அடியில் வயலினில் முதல் அங்கத்துக் காதல் மெட்டு மெல்லக் கேட்கிறது. படித்து முடித்ததும் ‘நேரம் கடந்துவிட்டது’ என்று கத்துகிறாள். அதைச் செல்போன் திரையில் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான், பலமுறை படித்து மனப்பாடமான வரிகளாக அவை கேட்க வேண்டும். அன்று வந்த செய்திபோல அவசரமாக வாசித்தால் வயலின் வீண்.

என்னால் ஏற்க முடியாத மாற்றம் ஒன்று உண்டு. 2018-இல் ஃப்ளோரன்ஸில் லியோ முஸ்காட்டோ இயக்கிய, பிஸே இசையமைத்த ‘கார்மென்’ ஓப்பராவின் முடிவில், அவள் கைவிட்ட காதலன் டான் ஹோசே கார்மெனைக் கொல்வதற்குப் பதிலாக அவள் அவனைச் சுடுகிறாள். ஒரு பெண்ணின் கொலைக்கு யாரும் கைதட்டக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பிஸே அந்தக் காட்சியை அமைத்த விதத்தைக் கேளுங்கள். உள்ளே காளைச் சண்டை அரங்கில் கூட்டம் ஆரவாரம் செய்கிறது, வெளியே அவள் சாகிறாள், கூட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பொருத்தமில்லாத குதூகலம்தான் நம் வயிற்றைப் பிசைகிறது. கொன்றவன் மேல் கோபம் வருவதும் அங்கேதான். அவளைப் பிழைக்க வைத்ததும் அந்த ஆரவாரம் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடுகிறது.

அடுத்த முறை ‘லா டிராவியாட்டா’ பார்க்கும்போது உடையை மறந்துவிட்டு, ஜெர்மோன் உள்ளே நுழையும் கணத்திலிருந்து அவர் வெளியேறும்வரை கவனியுங்கள். அங்கே இயக்குநர் ஏமாற்றியிருந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் கோபத்தை ஒரு சொல்லும் வெட்டாமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.