நினைவு தெரிந்த நாளாக

கேள்வி: இமயமலையில் பள்ளம் தோண்டி, பல நூறு வருடத்துக்கு முந்தைய நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்கிறார்களாமே? எனக்கு நினைவு தெரிந்த நாளாக எங்கள் மலை ஆடியதே இல்லை. நாங்களும் பயப்பட வேண்டுமா?
(குமுளியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஆடியிருக்கிறது அம்மா. 2000 டிசம்பர் 12 காலையில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5 அளவில் நடுக்கம். இங்கே கம்பத்தில் எங்கள் அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள் கலகலத்தன. பூனை என்று நினைத்து என் தாயார் கரண்டியோடு ஓடினார். 1988 ஜூனில் நெடுங்கண்டம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம், 6 அளவை ஒட்டி. எல்லாவற்றையும் மறந்தாயிற்று.

'நினைவு தெரிந்த நாள்' என்பதை நம்பி வீடு கட்டக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! நேபாளத்தில் 1934 ஜனவரியில் 8 அளவுக்கு வந்த நிலநடுக்கம் தரையை எங்கே கிழித்தது என்பதே ஏறக்குறைய 80 வருடம் யார் கண்ணிலும் படவில்லை. மலையடிவார ஆற்றங்கரையில் மண்ணைச் செதுக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கூடவே 1255இல் வந்ததன் தடமும் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே 679 வருடம். எந்தப் பாட்டி அதை நினைவு வைத்திருப்பார்?

பள்ளத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பது கிணறு வெட்டுகிறவருக்குச் சொன்னால் உடனே புரியும். வண்டல், சரளை, களி என்று மண் அடுக்கடுக்காக ஓடும். பூமி நகர்ந்த இடத்தில் சரளை சட்டென்று அறுந்து, இரண்டு முழம் மேலேயோ கீழேயோ போய்த் தொடரும். அதற்கு மேல் ஓர் அடுக்கு அறுபடாமல் ஓடினால், அது நடுக்கத்துக்குப் பின் படிந்த மண். இரண்டு அடுக்கிலும் சிக்கும் கரித்துண்டுகளுக்குக் கார்பன் சோதனையில் வயது பார்த்தால், நடுக்கம் வந்த காலம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

நம் பக்கமும் பார்த்திருக்கிறார்கள். 1994இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்து வடக்காஞ்சேரி ஆடிய பிறகு ஆராய்ந்ததில், அங்கே உள்ள தேசமங்கலம் பிளவு (பாறை உடைந்து நகரும் கோடு) முன்பும் பலமுறை நகர்ந்திருப்பது பாறையிலேயே தெரிந்தது. சரி, இமயமலைபோல் இங்கே 8 அளவுக்கு வரும் என்று சொல்லவில்லை. ஆனால் 1993இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் வந்தது 6 அளவைச் சற்றே தாண்டியதுதான். 'அசையாத பீடபூமி' என்று பெயர் வாங்கிய இடம். ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் மண்ணில் கல் அடுக்கிய வீடுகளுக்கு அடியில்.

அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. முல்லைப் பெரியாறு என்றால் மட்டும் மலைக்கு இரண்டு பக்கமும் நிலநடுக்கம் பேசுகிறோம். உங்கள் குமுளிச் சரிவைப் பாருங்கள். ரோட்டுப் பக்கம் ஒரு மாடி, பின்பக்கம் பள்ளத்தில் மூன்று மாடி உயரத்துக்குத் தூண். ஆடும்போது மேட்டுப் பக்கத்துக் குட்டைத் தூண்தான் பெரும் விசையை வாங்கி முதலில் உடையும். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் ரிங் கம்பியை நெருக்கிக் கட்டச் சொன்னதற்கு, "கம்பிதான் வீணாகும் சார்" என்றார் ஒரு ஒப்பந்தக்காரர். அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுத் தூண் எந்த வகை? பார்த்து எழுதுங்கள்.