மாடல் விமான அலுமினியம்: மெருகு, தூசி, உப்புக்காற்று

மாடல் விமானத்தின் அலுமினியப் பாகங்களை வீட்டிலேயே மெருகேற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. நான் கீழக்கரைக்காரன், அதனால் பதிலில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, ஸ்பின்னர் (ப்ரொப்பல்லர் நடுவில் மாட்டுற கூம்பு) கண்ணாடி மாதிரி வரணும். எந்த உப்புத்தாளில் ஆரம்பிக்கிறது?

கீறல் நகத்தில் தட்டினால் 400 எண் தாள், இல்லையென்றால் 800 போதும். கறுப்பு வாட்டர் பேப்பரை, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் நனைத்துக் கையாலேயே தேயுங்கள். அப்புறம் 1000, 1500, 2000. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றினால் முந்தைய தாளின் கோடு போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரியும், அது போகாமல் அடுத்த தாளை எடுக்காதீர்கள். கடைசியில் மெட்டல் பாலிஷும் பழைய பனியன் துணியும். துணி கறுத்துக்கொண்டே போகும், அது அழுக்கு இல்லை, உரிந்து வரும் அலுமினியம்.

பாம்பனிலிருந்து: அப்பா பட்டறையில் கிரைண்டர் இருக்கு. பஃப் (மெருகேற்றுற துணிச் சக்கரம்) மாட்டிச் சீக்கிரம் முடிச்சிடலாமா?

இரும்பைச் சாணை பிடிக்கிற கிரைண்டரில் வேண்டவே வேண்டாம், தம்பி. நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் மிதந்தால் ஒரு பொறிக்கே பற்றும். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் அது தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் செய்து இணைக்கிற தெர்மிட் கலவையின் சரக்கு, அந்தச் சூட்டில் இரும்பே உருகி ஓடும். பஃப்தான் வேண்டும் என்றால் அலுமினியத்துக்கென்றே தனி மோட்டார், முகத்தை மூடுகிற கவசம், என்95 முகக்கவசம். சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் கையுறை கூடாது, துணி மாட்டினால் விரலும் கூடவே போகும். பாகத்தைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே பிடியுங்கள், மேல் விளிம்பில் பட்டால் பிடுங்கி எறியும். விழுந்த தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், அந்த ஈரச் சேற்றை இறுக மூடிய டப்பாவில் வைத்தால் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு சேரும். தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. நன்றாகக் காய்ந்த மணல்தான், கடற்கரையிலிருந்து ஈரமாக அள்ளி வந்தது உதவாது.

ராமேஸ்வரத்திலிருந்து: அண்ணா, மெருகேற்றின லேண்டிங் கியரில் (சக்கரம் தாங்குற காலில்) கொஞ்ச நாளிலேயே வெள்ளைப் புள்ளி வந்துடுச்சு, ஏன்?

உப்புதான் அம்மா. அலுமினியத்தின் மேல் தானாகப் படிகிற மெல்லிய ஆக்சைடு தோலை உப்பின் குளோரைடு அங்கங்கே ஓட்டை போடும், வெள்ளைப் பூப்பு அதனால்தான். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர், அதில் கழுவினால் உப்பை நாமே பூசுகிறோம். கடைசி அலசல் குடிநீரில் இருக்கட்டும், உடனே துடைத்து மெழுகு பூசிவிடுங்கள். கடலோரம் பறக்கவிட்டு வந்த அன்றே மறுபடி துடைக்க வேண்டும். ஸ்டீல் கம்பளியால் தேய்த்திருந்தால் அதையும் விடுங்கள், ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துணுக்கு அரிப்பைக் கூட்டும்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, சிவப்பு அனோடைஸ் நிறத்தை (மின்சாரத்தால் கெட்டியாக்கின ஆக்சைடு தோலில் ஏத்தின சாயத்தை) காஸ்டிக் சோடா போட்டு எடுக்கலாமா?

நிறம் போகும், கூடவே அலுமினியமும் கரையும். கலவை கொதிக்கும், ஹைட்ரஜன் வரும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் வேண்டாம். நிறம் ஏற்றாத ஸ்பின்னர் வாங்குவதே மேல்.

தேவிபட்டினத்திலிருந்து: எஞ்சினையும் பிரிச்சுப் பளபளன்னு ஆக்கலாமா?

வெளிப்பக்கம் மட்டும், அதுவும் துவாரங்களை எல்லாம் அடைத்துவிட்டு. பேரிங்குக்குள் பாலிஷ் மண் போனால் எஞ்சின் போச்சு.

உச்சிப்புளியிலிருந்து: பற்பசை போதுமா?

2000 தாளுக்குப் பிறகு என்றால் சரி. ஆழமான கீறலை அது அசைக்காது.