ஒப்பந்தம் முடிந்த பிறகும் போர்ட் செய்ய மறுக்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. போன வருடம் ஒரு செல்போன் நிறுவனத்தில் குடும்ப போஸ்ட்பெய்ட் பிளான் எடுத்தேன். அம்மாவின் எண்ணும் அதே கணக்கில் ஆட்-ஆன் எண்ணாக இருக்கிறது. 12 மாதம் வேறு நிறுவனத்துக்கு மாறக்கூடாது, அதற்காக மாத வாடகையில் தள்ளுபடி என்று சொல்லிச் சேர்த்தார்கள். அந்த 12 மாதம் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காததால், எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாற போர்ட் எஸ்எம்எஸ் அனுப்பினேன். ஒப்பந்தக் கடமை நிலுவையில் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால், ஒப்பந்தம் தானாகவே இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டுவிட்டது, வெளியேற வேண்டுமானால் ரூ.3,000 கட்டுங்கள் என்கிறார்கள். மறுநாளே இன்னொருவர் போன் செய்து, தொடர்ந்து இருந்தால் வாடகையைக் குறைக்கிறோம் என்கிறார். என் வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் இந்த எண்ணில்தான் இருக்கின்றன. மாறுவதா, இருப்பதா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று உங்கள் எண், இன்னொன்று அந்த 3,000 ரூபாய். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண் போனால் வங்கி ஓடிபி முதல் ஆதார் வரை எல்லாமே தடுமாறும். பணத்தைப் பிறகு வழக்குப் போட்டும் திரும்ப வாங்கலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் நான் பார்க்கும் பெரிய வேதனையே, கோபத்தில் பில் கட்டுவதை நிறுத்திவிட்டு எண்ணைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதுதான். துண்டிக்கப்பட்ட எண் சில மாதங்களில் வேறு யாருக்கோ போய்விடும். அந்த வழிக்கு மட்டும் போகாதீர்கள்.

முதலில் மறுப்பைப் பார்ப்போம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நமக்கு 2009-ஆம் ஆண்டின் மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டி ஒழுங்குமுறைகளால் வந்தது. நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2011 ஜனவரி 20-இல். 2019 டிசம்பர் 16 முதல் இந்த முறை மாறியது. இப்போது நீங்கள் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியதும், நீங்கள் தகுதியானவரா என்று பழைய நிறுவனத்திடம் அப்போதே சரிபார்க்கிறார்கள். தகுதி இருந்தால் யூபிசி என்ற எட்டு இலக்கக் குறியீடு வரும், இல்லையென்றால் காரணத்தோடு மறுப்பு வரும். ஆகவே உங்களுக்கு வந்த அந்த மறுப்பு எஸ்எம்எஸ்தான் உங்கள் வழக்கின் முதல் ஆவணம். அதை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தச் செய்தி போனிலேயே இருக்கட்டும். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மூலச் செய்தி கையில் இருந்தால் அது சுலபம்.

நிறுவனம் நினைத்த காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்று ஒழுங்குமுறையே வரையறுத்திருக்கிறது. வெளியான பில்லில் பாக்கி, இணைப்பு எடுத்தோ முன்பு போர்ட் செய்தோ 90 நாள் ஆகாமல் இருப்பது, உரிமையாளர் பெயர் மாற்றம் நடந்துகொண்டிருப்பது, நீதிமன்ற வழக்கு அல்லது தடை ஆகியவை அவற்றில் சில. 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சிம் தொலைந்தோ பழுதாகியோ புதிய சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழியாமல் குறியீடு தரமாட்டார்கள். மோசடிக்காரர்கள் சிம்மை மாற்றி எண்ணைக் கடத்துவதைத் தடுக்கத்தான் இது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒப்பந்தக் கடமை. ஒழுங்குமுறையில் அதன் வாசகத்தைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் வெளியேறுவதற்கான நிபந்தனை ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும், சந்தாதாரர் அதை நிறைவேற்றாமல் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் இந்தக் காரணம் நிற்கும். 12 மாதம் என்ற நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றிவிட்டீர்கள். ஆக மொத்த விவகாரமும் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: அந்த இரண்டாம் வருடத்துக்கு நீங்கள் எப்போது, எங்கே சம்மதித்தீர்கள்?

மௌனம் சம்மதம் என்று பேச்சு வழக்கில் சொல்வோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு முன்மொழிவை ஏற்றால்தான் ஒப்பந்தம். ஏற்பு என்பது தெரிவிக்கப்பட வேண்டும். பதில் சொல்லாவிட்டால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வோம் என்று ஒரு தரப்பு தானாக முடிவுகட்ட முடியாது. பிளான் முடிந்த பிறகும் நீங்கள் மாதாமாதம் பில் கட்டினீர்கள் என்றால், அந்தந்த மாதச் சேவையை வாங்கினீர்கள், அவ்வளவுதான். அது இன்னொரு 12 மாதக் கட்டுப்பாட்டை ஏற்றதாக ஆகாது என்பதே என் வாதமாக இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் சேரும்போது கையெழுத்திட்ட, அல்லது ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்ட படிவத்திலேயே, முன்கூட்டி அறிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக நீளும் என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் மேலே சொன்ன வாதம் மட்டும் போதாது. அப்போதும் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46), நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் என்ன என்று சொல்கிறது. ஏற்படும் நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்துவதும் அதில் அடக்கம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-உம், தொகை எழுதப்பட்டிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம், அந்தத் தொகைதான் உச்சவரம்பு என்கிறது. முதல் வருடத்தின் நடுவில் நீங்கள் கிளம்பியிருந்தால், கொடுத்த தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பதில் ஓரளவு நியாயம் இருந்திருக்கும். வருடம் முழுவதையும் முடித்துக் கொடுத்தவரிடம் என்ன நஷ்டத்துக்காக 3,000 ரூபாய்? அதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

படிவத்தின் நகலைக் கேட்பதுதான் உங்கள் முதல் வேலை. போனில் கேட்காதீர்கள். நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு இப்படி எழுதுங்கள்:

“எனது எண்ணுக்கான 12 மாத ஒப்பந்தம் இன்ன தேதியில் முடிந்துவிட்டது. இன்ன தேதியில் நான் அனுப்பிய போர்ட் கோரிக்கை ஒப்பந்தக் கடமை நிலுவை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. ஒப்பந்தத்தை நீட்டிக்க நான் சம்மதம் தரவில்லை. நீட்டிப்புக்கு நான் சம்மதித்ததாகக் கூறும் ஆவணம், அதன் தேதி, ரூ.3,000 வெளியேறும் கட்டணத்துக்கான விதி, எனது விண்ணப்பப் படிவம் ஆகியவற்றின் நகல்களை 7 நாட்களுக்குள் அனுப்பவும். அனுப்ப இயலாவிட்டால் தடையை நீக்கி எனக்கு யூபிசி கிடைக்க வழி செய்யவும்.”

இதையே புகாராகவும் பதிவு செய்து டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்கிக்கொள்ளுங்கள். டாக்கெட் எண் இல்லாத புகார் சட்டத்தின் கண்ணில் நடக்காத புகார். பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டத்திலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. காட்டுவதற்கு ஆவணம் இருக்காது, அதனால் தடையை எடுத்துவிடுவார்கள். காரணமில்லாமல் போர்ட் மறுத்தால் ஒவ்வொரு மறுப்புக்கும் ரூ.10,000 வரை நிறுவனத்துக்கு அபராதம் விதிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு அதிகாரம் உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பணம் உங்களுக்கு வராது. ஆனாலும் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் கனம் கூடும்.

தீரவில்லை என்றால், நிறுவனத்துக்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதுவதில் பயன் குறைவு, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தால் அவர்கள் நிறுவனத்திடம் எடுத்துச் செல்வார்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் செல்போன் வழக்கு நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி அந்தக் கதவை மூடியிருந்தது உண்மை. ஆனால் 2022 பிப்ரவரி 16-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு நுணுக்கம் உண்டு: அந்த ஒப்பந்த விதியையே நியாயமற்றது என்று ரத்து செய்யக் கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். போர்ட் மறுத்தது சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்பதானால் மாவட்ட ஆணையம் போதும். உங்கள் விஷயத்தில் இரண்டாவதையே சொல்வேன்.

இத்தனையும் நடந்து முடியும் வரை சிக்னல் இல்லாத வீட்டில் காத்திருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. கடிதம் அனுப்பி பத்து, பதினைந்து நாள் பாருங்கள். அசையவில்லை என்றால், என் யோசனை அந்த 3,000 ரூபாயைக் கட்டிவிடுவது. கட்டும் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இந்தத் தொகை எனது கடன் அல்ல. எனது எண்ணைப் போர்ட் செய்யவிடாமல் தடுத்ததால் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன். திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.” இந்த மூன்று வரி இல்லாமல் கட்டினால், மனமுவந்து கட்டினார் என்று நாளை வாதாடுவார்கள். சில வழக்கறிஞர்கள் ஒரு பைசாவும் கட்டாதீர்கள் என்பார்கள். கொள்கையளவில் அது சரி. ஆனால் ஓடிபி வரும் எண்ணைப் பணயம் வைத்து ஒரு குடும்பம் கொள்கைப் போராட்டம் நடத்துவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

இனி, மாறலாமா என்ற உங்கள் கேள்வி. சட்டம் இதில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது: போர்ட் செய்த பிறகு 90 நாள் மறுபடி வெளியேற முடியாது. எனவே மாறுவதற்கு முன், மாற நினைக்கும் நிறுவனத்தின் ப்ரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கி, உங்கள் வீட்டில் எந்த அறையில் சிக்னல் போகிறதோ அதே அறையில் வைத்து ஒரு வாரம் பேசிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறது என்று சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கேயும் அதே நிலை என்றால் பிரச்சினை சுவரில்தான் இருக்கிறது, மாறிப் பயனில்லை.

வாடகையைக் குறைக்கிறேன் என்று போன் செய்தவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தச் சலுகையில் மறுபடி லாக்-இன் (வெளியேறக்கூடாது என்ற கட்டுப்பாடு) உண்டா, எத்தனை மாதம்? எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. உங்கள் புகார் சிக்னலைப் பற்றியது, அவர் பேசுவது விலையைப் பற்றி. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவாக்கில் “சரிங்க” என்று சொல்லிவிடாதீர்கள், ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். அதுவே புதிய ஒப்பந்தத்துக்கு நீங்கள் தந்த சம்மதமாகப் பதிவாகலாம்.

அம்மாவின் எண்ணை மறந்துவிட வேண்டாம். ஆட்-ஆன் எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல குடும்பங்களில் அது பிள்ளையின் பெயரில் இருக்கும், அம்மா பயன்படுத்துவார். யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஆவணங்களோடு, அவர் பெயரிலேயேதான் போர்ட் ஆகும். பெயரையும் நிறுவனத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் தனித்தனியாக எஸ்எம்எஸ் அனுப்பித் தனித்தனிக் குறியீடு வாங்க வேண்டும். உங்கள் எண் மட்டும் வெளியேறினால் அம்மாவின் எண்ணுக்கு எந்தப் பிளான் பொருந்தும் என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடை நீங்கியதும், கடைசியாக வெளியான பில்லைக் கட்டி, அது கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். குறியீடு 4 நாளுக்குச் செல்லும். புதிய நிறுவனத்தின் முகவரைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்ல வேண்டாம். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (சேவைப் பகுதிக்குள்) 3 வேலை நாள், வேறு வட்டத்துக்கு 5 வேலை நாள் ஆகும். மாறும் சமயத்தில் சில மணி நேரம் எந்த சிம்மிலும் சேவை இருக்காது. சம்பளம், தவணை, ரயில் டிக்கெட் என்று ஓடிபி தேவைப்படும் வேலைகளை அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாறிய பிறகு பழைய நிறுவனத்திலிருந்து ஒரு கடைசி பில் வரும், பில் வெளியான தேதிக்கும் போர்ட் ஆன தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு. போர்ட் படிவத்திலேயே அதைக் கட்டுவதாக நீங்கள் உறுதி தந்திருப்பீர்கள். கட்டாவிட்டால், பழைய நிறுவனம் கேட்டுக்கொண்டு புதிய நிறுவனத்திலேயே உங்கள் எண்ணைத் துண்டிக்க வைக்க முடியும். அந்த பில்லில் வெளியேறும் கட்டணத்தை மறுபடி சேர்த்திருந்தால், பயன்படுத்திய சேவைக்கான தொகையை மட்டும் கெடு தேதிக்குள் கட்டி, மீதியை ஏன் மறுக்கிறீர்கள் என்று அதே டாக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள். முன்பு வைப்புத்தொகை ஏதும் கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரவும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.